சிடல் மேட்டில் ஒரு சனிக்கிழமை: ஹாலிஃபாக்ஸ் அமெச்சூர் ரக்பி லீக் பயணக் குறிப்புகள்

வெள்ளி

இங்கிலாந்தின் வடக்கே வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் நம்மவர்களில் ரக்பி லீக் (ரக்பியில் அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் வகை) பார்க்க ஆசைப்படுபவர்கள் நேரே லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்துக்கோ விகனுக்கோ, தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான சூப்பர் லீக்குக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். நல்ல ஆட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆட்டம் எதில் வெல்லப்படுகிறது, எதில் தோற்கப்படுகிறது என்று கண்ணால் பார்க்க அமெச்சூர் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே தடுப்புக் கம்பியில் கையை ஊன்றி நின்றால் எல்லைக்கோடு சில அடி தூரத்தில் இருக்கும். மூச்சு வாங்குவது கேட்கும், தோள் மோதும் சத்தம் கேட்கும், அணிக்குள் ஒருவருக்கொருவர் போடும் கட்டளைகளும் கேட்கும். தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து இல்லாத பன்னிரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்பதை இங்கே நின்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு ஹாலிஃபாக்ஸின் சிடல் கிளப்பைச் சொல்வேன். லீட்ஸ், பிராட்ஃபோர்ட், மான்செஸ்டர் மூன்றிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். தேசிய கான்ஃபரன்ஸ் லீக் என்ற அமெச்சூர் லீக்கில் ஆடும் பெயர்பெற்ற கிளப் அது. 1986-ல் தொடங்கிய இந்த லீக் 2012-ல் கோடைகாலத்துக்கு மாறியது. ஆகவே மார்ச் முதல் செப்டம்பர்வரை சனிக்கிழமைகளில் ஆட்டம் இருக்கும், வழக்கமாக மதியம் 2.30-க்குத் தொடங்கும். கோப்பைப் போட்டிகளில் நேரம் மாறக்கூடும்.

டிக்கெட் முன்பதிவெல்லாம் தேவையில்லை. ஆட்டம் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். அட்டவணையில் இருந்த ஆட்டம் காணாமல் போக மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, தரை. மார்ச்சில் உறைபனி, எந்த மாதத்திலும் தொடர்மழை. காலையில் நடுவரோ கிளப்காரர்களோ நடந்து பார்த்து, கால் புதைந்தால் ரத்து செய்துவிடுவார்கள். இரண்டு, ஆள் பற்றாக்குறை. இந்த லீக்கில் ஹல் நகர அணியும் கம்ப்ரியா கடற்கரை அணியும் ஒரே பிரிவில் வரலாம். ஒயிட்ஹேவன் பக்கத்திலிருந்து ஹல்லுக்குப் பேருந்தில் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் விழுந்தவர்களால் வர முடியாது. பதின்மூன்று பேரைத் திரட்ட முடியாமல் வெளியூர் அணி வெள்ளிக்கிழமை இரவே கைவிரிப்பதும் உண்டு. மூன்று, இடமாற்றம். சொந்த மைதானம் சரியில்லை என்றால் எதிரணியின் மைதானத்திலோ பக்கத்துக் கிளப்பிலோ ஆடச் சம்மதித்துவிடுவார்கள்.

ஆகவே வெள்ளி இரவு ஒருமுறை, சனி காலை பத்து மணிக்கு ஒருமுறை கிளப்பின் முகநூல் பக்கத்தைப் பாருங்கள். லீக்கின் அட்டவணைப் பக்கம் பொதுவாகத் தாமதமாகத்தான் திருத்தப்படும், அதை மட்டும் நம்பி ரயிலேற வேண்டாம். சிடலில் ஆட்டம் இல்லையென்றாலும் பயணம் வீணாகாது. ஹாலிஃபாக்ஸைச் சுற்றி கிரீட்லண்ட், இல்லிங்வொர்த், கிங் கிராஸ், பிரைஹவுஸ் என்று அமெச்சூர் கிளப்புகள் நெருக்கமாக இருக்கின்றன. இரண்டாவதாக ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை குறைவு. தலைமூடியுடன் கூடிய மழைக்கோட்டு வேண்டும், குடை வேண்டாம். கம்பியோரம் குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு ஆட்டம் தெரியாது, மேட்டுக்காற்றில் அது நிற்கவும் நிற்காது. ஈரப்புல்லில் வழுக்காத அடிப்பாகமுள்ள ஷூ. ஜூலையாக இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர், ஏனென்றால் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நிற்கப்போகிறீர்கள். ஐந்து, பத்து பவுண்டு நோட்டுகளும் கொஞ்சம் சில்லறையும் அவசியம். நுழைவுக் கட்டணம் சில பவுண்டுதான். ஆனால் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கார்டு மெஷின் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) சீட்டு விற்பவரிடம் நிச்சயம் இருக்காது.

சனி

லீட்ஸிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். பிராட்ஃபோர்ட் இன்டர்சேஞ்ச் கடைசி நிலையம்போல் முட்டுச்சுவரில் முடிவதால் அங்கே ரயில் திசை மாறிக் கிளம்பும். தவறான வண்டியில் ஏறிவிட்டோமோ என்று பதறி இறங்கிவிட வேண்டாம். லோ மூர் தாண்டி, பீக்கன் ஹில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஹாலிஃபாக்ஸ். மான்செஸ்டர் விக்டோரியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரலாம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்தும் கிராண்ட் சென்ட்ரல் வண்டி நேராக வருகிறது.

வார இறுதியில் நாள் முழுதும் ஆஃப்-பீக் கட்டணம்தான். போய்வரச் சேர்த்து எடுத்தால் தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு; ரயில்கார்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஏறுவதற்கு முன் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்று ஏறினால் 100 பவுண்டு அபராதமும் அதற்குமேல் கட்டணமும் கட்ட வேண்டிவரும். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும், அவ்வளவுதான் சலுகை.

பதினோரு மணிக்கு வந்திறங்கினால் இரண்டு மணி நேரம் ஊரில் செலவிடலாம். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பீஸ் ஹால். 1779-ல் திறக்கப்பட்ட துணிச்சந்தை அது. கைத்தறி நெசவாளர்கள் வீட்டில் நெய்த கம்பளித் துணியைக் கொண்டுவந்து விற்ற 315 அறைகள், நடுவில் பெரிய முற்றம். பழுதுபார்த்து 2017-ல் மறுபடி திறந்தார்கள், உள்ளே போகக் கட்டணமில்லை. நெசவு வீட்டை விட்டு ஆலைக்குப் போனது. ஆலைத் தொழிலாளிகள் சனிக்கிழமை பிற்பகலில் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கத்தான் இன்று போகிறோம்.

மதியச் சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. யார்க்‌ஷயரின் பல மீன்-சிப்ஸ் கடைகளில் உருளைக்கிழங்கை வறுப்பது மாட்டுக் கொழுப்பில். மீன்தானே, சிப்ஸ்தானே என்று வாங்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் நம்மில் அதிகம். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் சைவர்களும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே “எந்த எண்ணெய்?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அந்த ஊர்க்காரர்களே கேட்கிறார்கள்.

ஒரு மணிக்கு நடையைத் தொடங்கினால் சரியாக இருக்கும். சிடல் ஊருக்குத் தெற்கே மேட்டில் இருக்கிறது. கிளப்பின் மைதானம் அதையும் தாண்டி எக்ஸ்லி லேனில், செவின்எட்ஜ் என்ற பெயரில். நிலையத்திலிருந்து இரண்டரை, மூன்று கிலோமீட்டர், பெரும்பகுதி ஏற்றம். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து சிடல் போகும் பேருந்தைப் பிடிக்கலாம், ஓட்டுநரிடம் வங்கிக் கார்டைக் காட்டினால் போதும். காரில் வருபவர்கள் மைதானத்தில் இடமில்லை என்று தெருவில் நிறுத்தும்போது வீட்டு வாசல்களை மறிக்காதீர்கள். அக்கம்பக்கத்தாரோடு கிளப்புக்கு வரும் சண்டைகளில் பாதி அதனால்தான் வருகிறது.

நகர மையத்தை விட்டு வெளியேறும் வழியில் ஷே ஸ்டேடியம் தெரியும். ஹாலிஃபாக்ஸின் தொழில்முறை ரக்பி லீக் அணியின் வீடு அது. 1998 வரை அந்த அணி ஆடியது த்ரம் ஹால் மைதானத்தில். அங்கே இப்போது சூப்பர்மார்க்கெட் நிற்கிறது. பெரிய கிளப்புகள் நிலத்தை விற்று இடம் மாறிய ஊர்களில் அமெச்சூர் கிளப்புகள் மட்டும் அதே தெருவில், அதே புல்லில் ஆடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

செவின்எட்ஜுக்கு ரக்பி லீக் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 2017 பிப்ரவரி 25 அன்று, அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்து லீக்கில் சேர்ந்த கனடாவின் டொரான்டோ உல்ஃப்பேக் அணி தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடியது இந்த மைதானத்தில்தான், அமெச்சூர் அணிகளும் தொழில்முறை அணிகளும் மோதும் சேலஞ்ச் கோப்பையில், சிடலுக்கு எதிராக. சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம். வாரத்தில் இரண்டு மாலை மட்டும் பயிற்சி செய்யும் தச்சர்கள், ஓட்டுநர்கள் போன்றவர்கள் மறுபக்கம். டொரான்டோ 14-6 என்று தப்பித்தது. 2020-ல் அந்த அணி சூப்பர் லீக்கை விட்டே விலகிவிட்டது. சிடல் ஆடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். முதலில் நிற்கும் இடம். எல்லாரும் நடுக்கோட்டில் நிற்பார்கள். உங்களுக்கு நடுக்கோட்டிலிருந்து இருபது மீட்டர் தள்ளிய இடம் நல்லது. மைதானத்தின் நீளம் நூறு மீட்டர். ஒரு பக்கத்து இருபது மீட்டர் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் நின்றால் முட்டி மோதி முன்னேறுவதும் தெரியும், கோட்டருகே நடக்கும் கடைசி முயற்சியும் தெரியும். காற்றைக் கவனியுங்கள். கம்பத்துக்கொடியோ மரக்கிளையோ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் எந்தப் பாதியில் எந்த அணி உதைத்து ஆடும், எந்த அணி கையிலேயே வைத்து ஆடும் என்று சொல்லிவிடலாம். மேட்டு மைதானத்தில் காற்றுக்கு எதிராக ஆடும் அணி முதல் பாதியில் எட்டுப் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தால் அது பின்னடைவே அல்ல.

கம்பிக்கு உள்ளே போகக்கூடாது, பந்து எடுக்கக்கூட. ஒளிரும் மேலங்கி அணிந்த ஒருவர் சுற்றி வருவார், ஆட்டநாளுக்கு அவரே பொறுப்பு. நடுவரைத் திட்டும் பார்வையாளரால் கிளப்புக்குத் தண்டனை வரும் என்பதால் முதல் வார்த்தையிலேயே வந்து நிற்பார். நாயைக் கூட்டிவரலாமா, மதுக்கோப்பையை எல்லைக்கோட்டருகே கொண்டுவரலாமா என்பதெல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும், வாசற்பலகையைப் பாருங்கள்.

ஆட்டத்தின் கணக்கை முதலில் சொல்லிவிடலாம். அணிக்குப் பதின்மூன்று பேர், நாற்பது நாற்பது நிமிடமாக இரண்டு பாதி. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் டிரை, நான்கு புள்ளி. அதன் பின் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் இரண்டு. பெனால்ட்டி உதைக்கும் இரண்டு. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கு ஒன்று. பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னாலோ பக்கவாட்டிலோதான் எறிய வேண்டும். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள். ஆறு டேக்கிள் வரை பந்து ஓர் அணியிடம். ஆறாவதிலும் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: பிடிப்பதும் திமிறுவதும் ஒன்றே, இங்கே பிடிபட்டவர் வெளியேறாமல் எழுந்து மறுபடி ஆடுகிறார். எண்ணிக்கையைத் தவறவிட்டால் கவலையில்லை. ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் கையை உயர்த்துவார். அடுத்து உதை வரப்போகிறது என்று அர்த்தம்.

இனி பார்க்க வேண்டியது பிளே-த-பால். டேக்கிள் முடிந்ததும் பிடிபட்டவர் எழுந்து, எதிரணிக் கோட்டைப் பார்த்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டுகிறார். பின்னால் நிற்கும் டம்மி ஹாஃப் அதை எடுக்கிறார். முன்னால் எதிரணியின் மார்க்கர் இருவர் வரை நிற்கலாம். மற்ற தடுப்பாளர்கள் எல்லாரும் பத்து மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். ஆட்டத்தின் முடிச்சு இங்கே இருக்கிறது. பிடிபட்டவர் சீக்கிரம் எழுந்துவிட்டால் தடுப்பு வரிசை பின்வாங்கி முடிக்காமல் கால் தடுமாறி நிற்கும், அடுத்த ஓட்டம் எளிதாகப் பத்து மீட்டர் தின்னும். அவரைத் தரையில் கொஞ்சம் அதிக நேரம் அமுக்கி வைத்தால் வரிசை நேராகி முன்னோக்கி வந்து மோதும். முழு ஆட்டமும் இந்தச் சில நொடிப் பேரம்தான்.

இதைக் கம்பியோரம் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எட்டு அல்லது பத்து எண் சட்டை போட்ட பிராப் (முட்டி மோதி முன்னேறும் முன்வரிசை ஆட்டக்காரர்), நூறு கிலோவுக்குக் குறையாதவர், எல்லைக்கோட்டுப் பக்கமாக நேரே ஓடி வருகிறார். முதல் ஆள் இடுப்புக்குக் கீழே கட்டுகிறார், இரண்டாமவர் பந்தின் மேல் கையைச் சுற்றுகிறார், மூன்றாமவர் மேலிருந்து எடையைப் போடுகிறார். மூவரும் உங்கள் முழங்காலுக்கு எதிரே விழுகிறார்கள், மண் தெறிக்கிறது. நடுவரின் குரல்: “விடு!” முதல் ஆள் உருண்டு விலகுகிறார். இரண்டாமவர் எழுவதுபோல் எழுந்து, பிராப்பின் தோளில் உள்ளங்கையை ஊன்றி அந்த ஊன்றலில் இன்னும் அரை நொடி திருடுகிறார். பிராப் முழங்கையை விரித்து முழங்காலில் எழுகிறார், முகம் சிவந்திருக்கிறது, சட்டையின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை. அந்த அரை நொடிக்குள் பின்னால் நிற்கும் தடுப்பு வரிசையில் நடுவில் உள்ளவர் வலதும் இடதும் கையைக் காட்டி எண்ணிக் கத்துகிறார், தனக்கு இந்தப் பக்கம் இத்தனை பேர் என்று. பந்து உருள்கிறது. தொலைக்காட்சியில் இது ஒரு டேக்கிள். இங்கே ஐந்து பேர் வேலை.

அமெச்சூர் ஆட்டத்தில் இந்தப் பேரத்தை எது கெடுக்கிறது என்பதும் தெரிய வரும். களைப்பு. முதல் இருபது நிமிடம் பத்து மீட்டர் பின்வாங்கல் ஒழுங்காக இருக்கும். அரைமணிக்குப் பிறகு பெரிய உடம்புக்காரர்கள் எட்டு மீட்டரில் நின்றுவிடுவார்கள், நடுவர் பெனால்ட்டி தருவார். பெனால்ட்டி கிடைத்த அணி பந்தை எல்லைக்கு வெளியே உதைத்தால், அது வெளியேறிய இடத்துக்கு நேரே மறுபடி அதே அணிக்குத்தான் பந்து, புதிதாக ஆறு டேக்கிள். ஒரு சோம்பலான பின்வாங்கலுக்கு நாற்பது மீட்டர் விலை. கடைசிக் கால் மணியில் வரும் டிரைகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை என்பது என் கணிப்பு. திறமையான நகர்வு என்று கைதட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் பின்னோக்கி யோசித்தால் ஒரு பெனால்ட்டி தெரியும்.

புள்ளிகள் கொத்துக்கொத்தாக வருவதற்கும் காரணம் உண்டு. டிரையை விட்டுக்கொடுத்த அணிதான் மறுபடி பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அதாவது டிரை போட்ட அணிக்கே பந்து திரும்பக் கிடைக்கிறது. களைத்த தடுப்பு இன்னும் ஆறு டேக்கிள் ஓட வேண்டும். 12-0 என்று பின்தங்கிய அணி ஐந்து நிமிடத்தில் சமன் செய்வதை இந்த ஆட்டத்தில் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை.

உதையில் இரண்டு வகையைக் கவனித்தால் போதும். எதிரணிக் கோட்டருகே தரையோடு உருட்டும் கிரப்பர்: பந்தைத் தடுப்பாளர் கோட்டுக்குள் எடுத்து அங்கேயே சிக்கிவிட்டால், கம்பங்களுக்குக் கீழிருந்து அவர்களே உதைத்துப் பந்தைத் திருப்பித் தர வேண்டும். டிரை விழாவிட்டாலும் அது வெற்றி. இரண்டாவது 40/20: தன் நாற்பது மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்து, பந்து உள்ளே ஒருமுறை தரையில் பட்டு, எதிரணியின் இருபது மீட்டருக்குள் எல்லையைத் தாண்டினால் பந்து உதைத்த அணிக்கே. காற்று உதவும் பாதியில், வழக்கமாக உதைக்கும் ஏழாம் எண் ஆட்டக்காரரின் பார்வை எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள், முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அமெச்சூர் ஆட்டத்தில் பேச்சுக்கே இடமில்லை, வெளியே வந்தவர் அன்று திரும்பி வரமாட்டார். தொழில்முறை ஆட்டத்தில்போல் உள்ளே அழைத்துச் சென்று சோதித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு கிடையாது. பிரிட்டனின் 2023 வழிகாட்டுதலின்படி குறைந்தது 21 நாள் போட்டி ஆட்டம் கூடாது. பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. ஆட்டம் தாமதமாகத் தொடங்குகிறதென்றால் பல சமயம் அவருக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இடைவேளையில் கிளப் ஹவுஸ். இறைச்சி-உருளைக்கிழங்கு பை (பூரணம் வைத்துச் சுட்ட மாவுப் பண்டம்), மேலே மசித்த பட்டாணி, அதன் மேல் மின்ட் சாஸ்: யார்க்‌ஷயர்காரர்கள் பட்டாணியை மின்ட் சாஸ் இல்லாமல் சாப்பிடமாட்டார்கள். இறைச்சி பெரும்பாலும் மாடு. சீஸ்-வெங்காய பை இருக்கிறதா என்று கேளுங்கள், அது முதலில் தீர்ந்துவிடும் என்பதால் ஆட்டம் தொடங்குமுன் வாங்கிக்கொள்வது உத்தமம். கிரேவி கறிச்சாறாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ பெரிய கெட்டிலிலிருந்து, காகிதக் கோப்பையில், கெட்டியாக.

ஒரு பவுண்டுக்கு ராஃபிள் சீட்டு வாங்குங்கள், புரோகிராம் இருந்தால் அதையும் வாங்குங்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கு டீசல், கோடு போடும் வண்ணம், நடுவர் கட்டணம், வெளியூர்ப் பேருந்து எல்லாம் இந்தச் சில்லறையிலிருந்தும் பாரிலிருந்தும்தான் வருகின்றன. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு வாரமும் அவர்கள்தான் கிளப்புக்குச் சில பவுண்டு சந்தா கொடுத்து ஆடுகிறார்கள், பூட்ஸும் வாய்க்காப்பும் சொந்தச் செலவு.

ஆட்டம் நாலேகாலுக்குள் முடியும். உடனே ஓட வேண்டாம். இரு அணிகளும் கிளப் ஹவுஸில் ஒன்றாகச் சாப்பிடும். ஆட்டநாயகனை எதிரணிப் பயிற்சியாளர் அறிவிப்பதும் வழக்கம். அந்நியர் யாராவது ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஐந்து பேர் விளக்க வருவார்கள். ஆறு மணிக்குள் இறக்கத்தில் நடந்தால் ரயில் நிலையம் இருபத்தைந்து முப்பது நிமிடம்தான்.

ஞாயிறு

இரவு தங்குபவர்களுக்கு மட்டும். ஹாலிஃபாக்ஸிலிருந்து பிரைஹவுஸ் வழியாக ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அரைமணிப் பயணம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முன்னாள் பிரதமர் ஹரால்ட் வில்சன் சிலை, சதுக்கத்தின் ஓரத்தில் ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம். 1895 ஆகஸ்ட் 29 அன்று வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள் அங்கே கூடி, அதுவரை ஆட்டத்தை நடத்திவந்த ரக்பி யூனியனை விட்டு விலகி நார்தர்ன் யூனியன் என்ற தனி அமைப்பைத் தொடங்கின. ரக்பி லீக் பிறந்தது இப்படித்தான். சண்டை எதைப் பற்றி? சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்பது. தெற்கே அதிகாரத்தில் இருந்தவர்கள் கூடாது என்றார்கள். வடக்கே நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி எழுதிக்கொண்டார்கள். ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், பிரைஹவுஸ் ரேஞ்சர்ஸ் மூன்றும் அந்தத் தொடக்கக் கிளப்புகளில் அடக்கம். முதல் பருவத்தில் வென்றது பிராட்ஃபோர்டின் மானிங்ஹாம்; அந்தக் கிளப் 1903-ல் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்ட் சிட்டி ஆயிற்று. 1906-ல் அணிக்குப் பதினைந்து பேர் பதின்மூன்றாகக் குறைந்ததோடு பிளே-த-பாலும் வந்தது. நேற்று கம்பியோரம் பார்த்தது அதன் வழிவந்தது. ஆறு டேக்கிள் வரம்பு 1972-ல்.

அமெச்சூர் ஆட்டத்துக்கான பிரிட்டிஷ் சங்கம் பார்லா தொடங்கியதும் இதே ஹடர்ஸ்ஃபீல்டில், 1973-ல். தொழில்முறை அமைப்பு சின்னக் கிளப்புகளைக் கவனிக்காமல் விட்டதால் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. தாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று தனியாகக் கிளம்பினார்கள். கூலி இழப்புக்காகப் பிரிந்த ஆட்டத்தில் இன்றும் சனிக்கிழமை ஷிஃப்ட்டை விட்டுவிட்டு, ஆறு ஷில்லிங்கும் வாங்காமல் ஆட வருகிறவர்களால்தான் சிடல் மாதிரிக் கிளப்புகள் நிற்கின்றன.

ஞாயிறு காலையில் சிறுவர், சிறுமியர் ஆட்டங்கள் பல கிளப்புகளில் நடக்கும், அனுமதி இலவசம். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு சனிக்கிழமை ஆட்டத்தைவிட இது பொருத்தம். ஒரே நிபந்தனை, குழந்தைகள் ஆடும்போது அணிப் பொறுப்பாளரிடம் கேட்காமல் புகைப்படம் எடுக்கக்கூடாது. கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

திரும்பும் ரயிலில் கவனம். ஹடர்ஸ்ஃபீல்ட் பாதையில் பெரிய மேம்பாட்டு வேலை நடப்பதால் ஞாயிறுகளில் பாதை மூடப்பட்டு மாற்றுப் பேருந்து விடுவது அடிக்கடி நேர்கிறது, பயண நேரம் இரட்டிப்பாகும். சனி இரவே பார்த்துவிடுங்கள். ஹாலிஃபாக்ஸ் வழியாகச் சுற்றிப் போவது பல சமயம் விரைவு.

அடுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு: ரயிலில் எளிது தாட்டோ ஹீத், செயின்ட் ஹெலன்ஸ் அருகே, கிளப்பின் பெயரிலேயே ரயில் நிலையம் உண்டு. அழகான பயணம் கம்ப்ரியாவின் மில்லம். 1873-ல் தொடங்கிய கிளப், கடலோர ரயில் பாதையில் இருக்கிறது. பாரோவில் வண்டி மாற வேண்டும். மாலையில் அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, ஆட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வண்டி போய்விடக்கூடும். கிளம்புமுன் திரும்பும் நேரத்தை முதலில் பாருங்கள், பிறகு ஆட்டநேரத்தை.